நத்தாரும் கண்டி மாநகரும்

ஹந்தானை மலைச்சாரலில் மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், அடிவாரத்துக் கண்டி மாநகரில் நத்தார் மணி ஒலிக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் வழங்கும் இப்பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பிறப்பைக் குறிக்கும் அவர்களது 'நத்தால்' தமிழில் நத்தாராயிற்று. பறங்கியர் இல்லங்களில் அன்று காலை உண்ணப்படும் 'புரூடர்' என்னும் இனிப்பு ரொட்டியோ ஒல்லாந்தர் தந்தது.

ஆயினும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். பூசைகள் இரவில், மறைவில் நடந்தன. 1690ஆம் ஆண்டளவில், நத்தார் வழிபாட்டுக்குக் கூடிய யாழ்ப்பாணத்து மக்கள் சிறைபிடிக்கப்பட்டனர்.

அம்மக்களுக்குப் பணிபுரிய 1687இல் இலங்கைக்கு வந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார். 1692இல் கண்டியை அடைந்த அவரை, போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். அவர் அங்கேயே குடிலொன்றைக் கோயிலாக அமைத்தார். பின்னர் உண்மை தெளிந்த பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு வழிபாட்டுரிமை வழங்கினான். 1711இல் கண்டியிலேயே மறைந்த அடிகளார், 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நத்தாரின் பெயரும் பண்டமும் கடல் கடந்து வந்தவை. அச்சமின்றிக் கூடி வழிபடும் உரிமையைத் தந்ததோ, வேற்றுச் சமயத்தவனான இம்மலைநாட்டு மன்னன்.