ஹார்லெமில் ஒலித்த ஆப்பிரிக்க முழவு

1739ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் சிலர் கூடிக் கிளர்ச்சி செய்தனர். முழவு கொட்டிக்கொண்டே அவர்கள் தெற்கு நோக்கி நடந்தனர். ஒலி கேட்டோர் வந்து சேரச் சேரக் கூட்டம் பெருகிற்று. ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவை அடைந்தால் விடுதலை கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. கிளர்ச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு, 1740இல், அடிமைகள் முழவு கொட்டுவதையும் கொம்பு ஊதுவதையும் தடுத்துச் சட்டம் பிறந்தது. அதே சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுன் தண்டமும் விதித்தது. முழவையும் எழுத்தையும் ஒரே ஏட்டில் வைத்துத் தடுத்தவர்கள், இரண்டின் ஆற்றலையும் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் முழவு பேசும். நைஜீரியாவின் யொரூபா மொழியில் ஒரே சொல் ஒலியின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். உடுக்கை வடிவான டுண்டுன் என்னும் கருவியின் வார்களைக் கையால் அழுத்தியும் தளர்த்தியும் அந்த ஏற்ற இறக்கத்தை வாசிப்பவர் அப்படியே எழுப்புவார். கேட்போர் அதனைச் சொல்லாகவே உணர்வர். குழுவில் தலைமைக் கருவிக்குத் 'தாய் முழவு' என்று பெயர்.

தடுக்கப்பட்ட அம்முழவை அமெரிக்க நகரங்களுக்கு மீட்டளித்தவர்களுள் முதன்மையானவர் பாபாதுண்டே ஒலாதுஞ்சி. அடிமைகளைக் கப்பலேற்றிய பாடாக்ரித் துறைக்கு அருகிலுள்ள அஜிடோ என்னும் ஊரில் 1927இல் பிறந்தவர். அவர் அமெரிக்கா சென்றது இசைக்காக அன்று, கல்விக்காக. 1950இல் உதவித்தொகை பெற்று, கறுப்பின மாணவர் பயிலும் அட்லாண்டா மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். உங்கள் நாட்டுத் தெருக்களில் சிங்கம் திரியுமா என்று உடன்பயின்றோரே வினவினர். அவர்களுடைய மூதாதையர் நாட்டைத் திரைப்படம் பார்த்தே அவர்கள் அறிந்திருந்தனர். பழி அவர்களுடையது அன்று. விடையாக அவர் முழவும் ஆட்டமும் கொண்ட நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார். பின்னர் நியூயார்க்கில் குழு ஒன்று அமைத்தார். 1960இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. குழுவினருள் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். மேடைக்கெனச் சீர்செய்த இசை இது, கிராமத்து இசை அன்று என்று குறை கூறுவோர் உண்டு. பாட்டனார் கையிலிருந்து பறிக்கப்பட்டதைப் பேரன் புதிதாகக் கற்கும்போது அப்படித்தான் இருக்கும். இதனைக் குறையாக எண்ண எமக்கு மனம் வரவில்லை.

அவர் கற்பித்த முறை எளியது. முழவின் நடுவில் அடித்தால் 'கன், டன்'. ஓரத்தில் 'கோ, டோ'. விரல் தெறிக்க அறைந்தால் 'பா, டா'. வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று. வாயால் சொல்லத் தெரிந்தவன் கையால் வாசிக்கக் கற்றுவிடுவான்.

ஹார்லெமில் 125ஆம் தெருவில் அவர் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றை நிறுவினார். புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதற்குப் பொருளுதவி செய்தார். 1967 ஏப்ரல் 23ஆம் நாள் கோல்ட்ரேன் அம்மையத்திலேயே வாசித்தார். மூன்று மாதத்திற்குள், ஜூலை 17இல், மறைந்தார். அந்நாளின் ஒலிப்பதிவு பின்னர் வெளியாயிற்று. ஒலாதுஞ்சி 2003 ஏப்ரலில், எழுபத்தாறு வயது நிரம்ப ஒரு நாள் இருக்கையில் கலிபோர்னியாவில் காலமானார். 'கன், டன், கோ, டோ' என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் அமெரிக்க நகரங்களில் இன்றும் நடைபெறுகின்றன.