முதியோர் காசநோய்

முதியோர் காசநோய் என்பது 60 வயதைக் கடந்தவர்களுக்கு மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்ற கிருமியால் வரும் தொற்றுநோய். பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். நெறிக்கட்டி, முதுகெலும்பு, மூளையுறை ஆகியவற்றையும் பற்றும். மருந்தால் குணமாகும் நோய்தான். ஆனால் முதியவர்களிடம் இது முதுமைத் தளர்ச்சியைப் போலவே தோன்றுவதால் பிந்திக் கண்டறியப்படுகிறது. உயிரிழப்பும் அவர்களிடம் மிகுதி. 2019–2021இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்விலும் முதியவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

காரணம்

கிருமி உடலுக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. எதிர்ப்பாற்றல் அதை அடக்கிவிட்டால் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். முதுமையில் உடல் தளரும்போதோ, நீரிழிவு, சிறுநீரக நோய், சத்துக்குறைவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து ஆகியவை சேரும்போதோ அது விழித்துக்கொள்கிறது. புதிதாகவும் தொற்றலாம்.

அறிகுறியும் பரிசோதனையும்

இரண்டு வாரம் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், சளியில் இரத்தம், எடை குறைதல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். முதியவர்களிடம் காய்ச்சலும் இரத்தமும் இல்லாமல், பசியின்மை, மெலிவு, மூச்சிரைப்பு, மனக்குழப்பம் மட்டுமே தென்படலாம். இருமல் இருந்தாலும் அதைப் பீடி இருமல் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் நிழல் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் விழுந்து நிமோனியாவாகத் தோன்றலாம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை, தொற்று இருந்தும் இல்லை என்று காட்டலாம். ஆகவே சளியை ட்ரூநாட், சிபிநாட் போன்ற மூலக்கூறுக் கருவிகளில் சோதிப்பதே நம்பகமானது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சிகிச்சை

மருந்துக்குக் கட்டுப்படும் நோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். பின் பைரசினமைடு நிறுத்தப்படும். முதியவர்களுக்கு மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். எத்தாம்பியூட்டாலால் பார்வை மங்கினால் அதைக் கண்புரை என்று ஒதுக்கக்கூடாது. ரிஃபாம்பிசின் சில நீரிழிவு மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும், சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். நிறம் மாறுவதால் தீங்கில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் பயந்து மருந்தை நிறுத்த மாட்டார்கள்.

தமிழ்நாட்டில்

1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடந்து 1959இல் வெளியான ஆய்வு, மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஏழை வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், மிக மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், கால் வீங்கியவர், துணையின்றி நிற்க முடியாதவர் ஆகியோர் தொடக்கத்திலேயே இனங்காணப்பட்டு உள்நோயாளிகளாகச் சேர்க்கப்படுகிறார்கள். முதியவர்களுக்கு இது பெரும் காப்பு. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த ஒன்றிய அரசின் உதவி 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய்.

குரங்கணி மலைச்சரிவில்

மலைப்பகுதியில் இந்நோயை எப்படி அணுகலாம் என்பதற்குக் குரங்கணி ஓர் எடுத்துக்காட்டு. அது தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது. அதற்கு மேலே முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற மலைக் குடியிருப்புகள். போடிநாயக்கனூரிலிருந்து கூலியாட்கள் ஜீப்பில் போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வருகிறார்கள். இளையவர்கள் வேலைக்குப் போகும் வீடுகளில் பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியின் மடியில் வளர்கிறார்கள். பெரியவருக்கு நோய் உறுதியானால் அக்குழந்தைகளையும் பரிசோதித்து, நோய் இல்லையெனில் தடுப்பு மருந்து தர வேண்டும்.

தள்ளாதவரை மருத்துவமனைக்கு இறக்குவதைவிட, சளி மாதிரியை வாங்கி அனுப்புவது எளிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. அந்த வருகையிலேயே முதியவரின் எடையைப் பார்த்து, இருமலையும் பசியையும் விசாரித்தால், மலைவீடுகளில் மறைந்திருக்கும் நோயை உரிய காலத்தில் பிடித்துவிடலாம்.