உதவி கேட்டு வருவோருக்கு வழிகாட்ட: ஆலய, தேவாலயக் குழுக்கள் அறிய வேண்டியவை

மலேசியாவில் ஆலயம், தேவாலயம், பள்ளிவாசல் எதுவானாலும் அதன் நிர்வாகத்தைத் தேடி உதவி கேட்டு வருவோர் உண்டு. அரிசியும் மளிகைப் பொருளும் கொடுத்து அனுப்பிவிடலாம்; அடுத்த மாதமும் அதே குடும்பம் வரும். அவர்களை எந்த அலுவலகத்திற்கு அழைத்துச் செல்வது என்று தெரிந்த ஒருவராவது குழுவில் இருப்பது நல்லது.

முதலில் போக வேண்டிய இடம், தோட்டத்து மக்கள் 'கெபாஜிகான்' என்று சொல்லும் சமூக நல இலாகா. வறுமையில் உள்ள முதியோர், உடற்பேறு குறைந்தோர், பிள்ளைகளை வளர்க்கச் சிரமப்படும் குடும்பங்கள் ஆகியோர் மாத உதவித்தொகைக்கு அதன் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஏழைக் குடும்பங்களின் தேசியப் பதிவான 'இ-காசே'யில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குடும்ப வன்முறை, சிறார் துன்புறுத்தல், கைவிடப்பட்ட முதியவர் போன்ற விவகாரங்களுக்கு 15999 என்ற 'தாலியான் காசே' எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடிபட்டு வந்த பெண்ணைப் பெரியவர்கள் சமாதானம் பேசி வீட்டுக்கே திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது அவரது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது அடையாள ஆவணம் இல்லாதவர்களின் நிலை. மைகார்டு இல்லாவிட்டால் பள்ளி, வேலை, உதவித்தொகை எல்லாமே தடைபடும். இதில் ஆலயங்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டால், பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கில் வரும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணமற்றவராகவோ இருந்தால், தந்தை மலேசியர் என்றாலும் பிள்ளை குடியுரிமை இன்றி நிற்கும். ஆகவே பதிவு ஏற்பாட்டைக் கேட்காமல் முகூர்த்தத்திற்கு மண்டபம் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே சிக்கலில் இருப்போருக்கு, குடியுரிமையற்றோர் விவகாரத்தில் அனுபவமுள்ள டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா அமைப்பு உதவுகிறது.

இனி குழுவின் சொந்தக் கணக்கு வழக்கு. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெறாத குழு, தன் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது சிரமம். பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடக்கும். சண்டை அங்கிருந்துதான் தொடங்கும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு ரொக்க நன்கொடை கொடுப்பவர், தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு பெறலாம். நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கப் போகும்போது முதலில் எழும் கேள்வி இதுதான். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்தி வசூலிக்கப் போலீஸ் அனுமதி வேண்டும்.

உணவு தானத்திற்கு 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது: வழங்கும்போது பாதுகாப்பாக இருந்த உணவுக்காக, அதை நல்லெண்ணத்தில் கொடுத்தவர் மீது பிறகு வழக்கு வராது. பேரங்காடிகளிடமும் பேக்கரிகளிடமும் மீந்த உணவைக் கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

முதியோரையோ பிள்ளைகளையோ தங்க வைத்துப் பராமரிக்க நினைக்கும் குழு, நான்கு பேர் அல்லது அதற்கு மேல் என்றாலே 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். தீயணைப்பு இலாகாவின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதால், வீட்டை வாடகைக்கு எடுக்கும் முன்பே அந்த அதிகாரிகளிடம் பேசிவிடுவது செலவைக் குறைக்கும்.