திரைபடிப்பான்

திரைபடிப்பான் என்பது கணினியிலும் கைபேசியிலும் திரையில் உள்ளவற்றைப் பேச்சொலியாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். பார்வையற்றோரும் மிகக் குறைந்த பார்வை உடையோரும் இதன் முதன்மைப் பயனாளர்கள். எழுத்துகளைப் படித்தறிவதில் சிரமம் உள்ள சிலரும் பயன்படுத்துகின்றனர். பேச்சுவழக்கில் ‘ஸ்கிரீன் ரீடர்’ என்பார்கள்.

செயல்படும் விதம்

இது திரையைப் படம்போலப் பார்ப்பதில்லை. ஒரு வலைப்பக்கத்தின் நிரலிலிருந்து, கண்ணுக்குத் தெரியும் பக்கத்தோடு, தெரியாத இன்னொரு அமைப்பையும் உலாவி உருவாக்குகிறது. அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், வகை, நிலை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும்: ‘அனுப்பு, பொத்தான்’, ‘ஒப்புக்கொள்கிறேன், தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை’ என்பதுபோல. திரைபடிப்பான் இயங்குதளத்தின் வழியாக இவற்றைப் பெற்று, பேச்சொலி உருவாக்கியிடம் கொடுக்கிறது. அந்த அமைப்பில் எழுதப்படாத எதையும் அதனால் சொல்ல முடியாது. திரைபடிப்பானின் குறையாகத் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை பக்கத்தை உருவாக்கியவர் விட்டுவைத்த குறைகளே.

பயனாளர் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை கேட்பதில்லை. கணினியில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், ‘டி’ அழுத்தினால் அடுத்த அட்டவணைக்கும் தாவலாம். கைபேசியில் விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்த உறுப்பு. இருமுறை தட்டினால் தேர்வு. பழகியவர்கள் பேச்சின் வேகத்தை மிகவும் கூட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல்தான். ‘ஈஸ்பீக்’ என்ற பேச்சொலி உருவாக்கியின் குரல் இயந்திரத்தனமானது. ஆனாலும் அந்த வேகத்திலும் சொல் பிரிந்து கேட்பதால் பலர் அதை விடுவதில்லை.

வரலாறு

வெறும் எழுத்துகளாலான டாஸ் இயங்குதளத்தின் திரைக்கு 1986இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜிம் தாட்சர் ஒரு திரைபடிப்பானை உருவாக்கினார். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர். அவருடைய நிறுவனம் 1989இல் ‘ஜாஸ்’ மென்பொருளைக் கொண்டுவந்தது. பின்னர் விண்டோஸ் பரவியபோது எழுத்துகள் இருந்த இடத்தைப் படங்களும் சாளரங்களும் பிடித்துக்கொள்ள, பழைய உத்திகள் பலிக்கவில்லை. 1995இல் ஜாஸின் விண்டோஸ் பதிப்பு வெளியானது. அலுவலகங்களில் அது நிலைபெற்றது. ஆயிரம் டாலரை ஒட்டிய அதன் விலை தனியாளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் ‘என்.வி.டி.ஏ.’வை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டேயும் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். கணினியை வாங்கியவர் அதைப் பயன்படுத்தப் பார்வையுள்ளவரைவிடக் கூடுதலாக ஏன் செலவழிக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. மென்பொருள் இலவசம், நிரலும் திறந்தது. இந்தியா போன்ற நாடுகளில் பார்வையற்ற மாணவர்களுக்கு இதனால் கிடைத்த பயன் பெரிது. ஆப்பிள் 2005இல் மேக் கணினியிலும் 2009இல் ஐபோனிலும் ‘வாய்ஸ்ஓவர்’ வசதியைச் சேர்த்தே விற்றது. பொத்தானே இல்லாத கண்ணாடித் திரை பார்வையற்றோருக்கு ஆகாது என்ற எண்ணம் அதோடு போயிற்று. அதே 2009இல் ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’ வந்தது.

தரங்களும் சட்டமும்

வலைத்தள அணுகல்தன்மைக்கான நெறிமுறைகளை வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பே இன்றைய விதிகளுக்கு அடித்தளம், அதன் 2.2 பதிப்பு 2023இல் வெளியானது.

இத்துறையின் முன்னோடி வழக்கு சிட்னி ஒலிம்பிக்கைச் சேர்ந்தது. போட்டிகளின் இணையதளத்தில் படங்களுக்கு விளக்க உரை இல்லை, முடிவு அட்டவணைகள் படிக்க முடியாதவை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 1999இல் முறையிட்டார். சரிசெய்ய இருபது லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றது அமைப்புக் குழு. மனித உரிமை ஆணையம் அதை ஏற்காமல், தளத்தைச் சரிசெய்ய உத்தரவிட்டது. உத்தரவு முழுமையாக நிறைவேறாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க நேர்ந்தது. செலவு என்ற சாக்கு இன்றும் அதே குரலில்தான் ஒலிக்கிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கியது. ஆனால் அதன் கீழ் வந்த விதி, தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்தது. அது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கிகளும் பிற நிறுவனங்களும் அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்டச் சொல்வதை எதிர்த்து, அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். 2025 ஏப்ரல் தீர்ப்பில், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அந்நீதிமன்றம் அறிவித்தது.

தமிழில்

என்.வி.டி.ஏ.வின் இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது; ஈஸ்பீக்கும் தமிழ் பேசும். இருந்தும் தமிழ்ப் பக்கங்கள் பல ஊமையாகவே இருக்கின்றன. முதற்காரணம் பழைய எழுத்துருக்கள். அவற்றுள் ஒன்றான பாமினியில் தட்டப்பட்ட ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பவையோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைபடிப்பான் அவற்றைத்தான் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு குறியீட்டு முறையை ஏற்றுக்கொண்ட பிறகும் பாமினிக் கோப்புகள் ஒழியவில்லை. இரண்டாவது, அச்சுத்தாளை வருடி அப்படியே ஏற்றும் பி.டி.எஃப். கோப்புகள். சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, விண்ணப்பம் எதுவானாலும் அது வெறும் படம். எழுத்துணரி கொண்டு மீட்டாலும் பிழைகள் மலியும். மூன்றாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் விடுவது. அப்போது ஆங்கிலக் குரலே தமிழை எதிர்கொள்கிறது. பெரும்பாலும் வரிகளை விழுங்கிவிடும். ஒரே ஒரு சொல் சேர்த்தால் தீரும் குறை இது.

தமிழுக்கு மட்டுமே உரிய அலட்சியமல்ல இது. உலகின் பத்து லட்சம் முன்னணித் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் ‘வெப்எய்ம்’ அமைப்பு, 2024இல் அவற்றில் 95.9 விழுக்காட்டில் பிழை கண்டது. மங்கலான எழுத்து, படவிளக்கமின்மை, பெயரில்லாப் படிவக் கட்டங்கள், வெற்று இணைப்புகள் என ஆண்டுக்காண்டு அதே பட்டியல்தான்.

தளம் நடத்துபவர்கள் என்.வி.டி.ஏ.வைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். புதுப் பக்கம் ஒன்றை வெளியிடுமுன் திரையை அணைத்து, விசைப்பலகையை மட்டும் கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள். பிறகு பார்வையற்ற பயனாளர் ஒருவரிடம், உரிய ஊதியம் கொடுத்து, சோதிக்கச் சொல்லுங்கள்.