9.77 என்று எழுதிய பையன்

 

போன வாரம் பேத்தி இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, எல்லாக் கணக்குலயும் ஜி மதிப்பு 9.8-னு எடுத்துக்கச் சொல்றாங்களே, அதை யாரு அளந்தா?" என்று கேட்டாள். பதில் சொல்லப் போன எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து தொண்டையை அடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது தனி ஊசல். சிறிய வீச்சில் ஆடும்போது அதன் அலைவுநேரம் கல்லின் எடையைப் பொறுத்ததல்ல, நூலின் நீளத்தையும் ஈர்ப்பையும் மட்டுமே பொறுத்தது. 1600-களின் தொடக்கத்திலேயே கலிலியோ இதில் மூழ்கியிருந்தார். பைசா தேவாலயத்தில் ஆடிய விளக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் நானே கதை சொல்லியிருக்கிறேன். அது அவருடைய சீடர் விவியானி பிற்பாடு எழுதி வைத்தது. அங்கே இன்று தொங்கும் விளக்கு, கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டுக்குப் பிறகு மாட்டப்பட்டது. ஆகவே அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

1638-ல் வந்த புத்தகத்தில் கலிலியோ ஒரு அழகான சோதனையைச் சொல்கிறார். ஊசல் ஆடும் வழியில், நூல் தட்டும்படி சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். நூல் ஆணியில் மடங்கினாலும், குண்டு எந்த உயரத்திலிருந்து விடப்பட்டதோ ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். 'ஆற்றல் அழிவின்மை' என்ற பெயர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கருத்தின் விதை அதில் இருக்கிறது. பேத்தியின் கணக்கும் இதுதான்: 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் அடியில் என்ன வேகம்? நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது, நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. 2 × 9.8 × 0.2 = 3.92, அதன் வர்க்கமூலம் சுமார் 1.98. நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

1656-ல் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். ஒரு பக்கம் போக ஒரு நொடி, திரும்ப ஒரு நொடி எடுக்கும் ஊசலுக்கு 'நொடி ஊசல்' என்று பெயர். பாரிஸில் அதன் நீளம் 99.4 செ.மீ. உலகம் முழுவதும் இதே நீளம் இருக்கும், இதையே பொது அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய அறிஞர்களே ஆசைப்பட்டார்கள்.

அந்த ஆசையைக் கெடுத்தவர் ஜான் ரிஷே. 1672-ல் பிரெஞ்சு அறிவியல் கழகம், செவ்வாய்க் கிரகத்தைப் பார்த்து அளப்பதற்காக அவரைத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் என்ற ஊருக்கு அனுப்பியது. பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. நொடி ஊசலைச் சுமார் 2.8 மி.மீ. குறைத்தால்தான் சரியாக வந்தது. மனிதர் பத்து மாதம் திரும்பத் திரும்ப அளந்தார். வந்த எண் மாறவில்லை. அதை அப்படியே எழுதினார்.

எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. வெப்பநாட்டில் கம்பி நீண்டிருக்கும் என்ற விளக்கம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 20 டிகிரி கூடுதல் சூட்டில் நீள்வது சுமார் 0.24 மி.மீ.தான். ரிஷே சொன்னது 2.8. பத்து மடங்குக்கும் மேல். வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

விடையை நியூட்டன் 1687-ல் தன் பிரின்சிபியாவில் கொடுத்தார். பூமி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் இருப்பவர் பெரிய வட்டத்தில் சுற்றுகிறார். அவரை அந்த வட்டத்தில் பிடித்து வைக்கவே ஈர்ப்பில் ஒரு சிறு பங்கு செலவாகிறது. மேலும், சுழற்சியால் பூமி நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்றார். இன்றைய அளவில், துருவத்தில் ஜி 9.832, நிலநடுக்கோட்டில் 9.780. வித்தியாசம் 0.052. இதில் 0.034 சுழற்சியால் நேரடியாக வருவது, மீதி பூமியின் வடிவத்தால் வருவது.

இதையும் பிரான்சில் பலர் ஏற்கவில்லை. பூமி எலுமிச்சைபோல் துருவப்பக்கம் நீண்டது என்று வாதிட்டார்கள். அளந்தே பார்த்துவிடுவோம் என்று 1735-ல் ஒரு குழு இன்றைய ஈக்வடார் பக்கமும், 1736-ல் மோபர்துயி தலைமையில் ஒரு குழு லாப்லாந்துக்கும் போயின. நியூட்டன் சொன்னதே சரியாயிற்று. இத்தனைக்கும் ஆரம்பம், ஒரு மனிதர் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தை 'என் தவறுதான்' என்று தள்ளிவிடாமல் எழுதி வைத்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1821-ல் சென்னை நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசல் வைத்து அளந்தார். அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மறு ஆண்டே வெளிவந்தது. நம் பக்கம் ஜி மதிப்பு 9.78. புத்தகத்தின் 9.8 நம் வசதிக்காக முழுமையாக்கிய எண்.

இனி அந்த ஞாபகத்துக்கு வருகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியப் பயிற்சி முடித்தவன். பட்டதாரி ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு அறிவியலும் என் தலையில் விழுந்தது. ஊசல் சோதனை செய்யச் சொன்னேன். ஒரு பையன் வேப்பமரக் கிளையில் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினான். 20 அலைவுக்கு 40.2 நொடி. அலைவுநேரம் 2.01. கணக்குப் போட்டு 9.77 என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். நான் சிவப்பு மையால் அடித்து, "9.8 வரணும், மாத்தி எழுது" என்றேன். "மூணு தடவ எண்ணினேன் சார்" என்றான். "புத்தகத்தை விட நீ பெரிய ஆளா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு மாற்றி எழுதினான்.

அவன் விடையில் பிழைக்கு இடம் இருந்தது உண்மைதான். கடிகாரத்தை அமுக்குவதில் 0.1 நொடி முன்னே பின்னே போனால் 9.77 என்பது 9.82 ஆகிவிடும். ஆனால் நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'எவ்வளவு தவறியிருக்கலாம், இன்னும் நூறு ஆட்டம் எண்ணிப் பார்' என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதற்குப் பதிலாக, கண்ணால் கண்டதை அழித்துவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதக் கற்றுக்கொடுத்தேன். ரிஷேயைப் பற்றி நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தம்பி, நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. இதைப் படித்தால் உனக்கே புரியும். உன் எண் புத்தகத்து எண்ணைவிட நம் மண்ணுக்கு நெருக்கமாக இருந்தது. அப்படி இல்லாமல் போயிருந்தாலும், அதை மாற்றச் சொன்னது என் தவறு. மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நூல் கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுவரை சரியாக ஒரு மீட்டர். சிறிய வீச்சில் ஆட்டி 100 அலைவுகளை எண்ணுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு 200.6 நொடி, நம் ஊரில் 200.9 நொடி வர வேண்டும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள். வந்ததை அப்படியே எழுதுங்கள். இந்த முறை யாரும் சிவப்பு மையால் அடிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சார்