பைரன் வேண்டாம், வேர்ட்ஸ்வொர்த் கொடுங்கள்

பி.காம். படித்தவரா நீங்கள்? அப்படியானால் பொருளாதாரப் பாடத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்றொரு பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். இரண்டு மார்க் கேள்விக்கு உபயோகப்படுகிற பெயர். இருபது வயதில் அந்த மனிதருக்கு வாழ்க்கை மொத்தமாகக் கசந்துபோனது, இப்படியே இன்னும் ஒரு வருஷம்கூட ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்காது. எதைப் படித்து மீண்டார் என்பது சுத்தமாக இருக்காது.

முதலில் அப்பாவைப் பார்த்துவிடலாம். ஜேம்ஸ் மில். இந்தியாவில் காலே வைக்காமல் இந்திய வரலாறு எழுதிய புண்ணியவான். மூத்த மகன் ஜான் 1806-ல் பிறந்தான். மூன்று வயதில் கிரேக்கம் ஆரம்பம். எட்டில் லத்தீன். பதிமூன்றில் பொருளாதாரம். பள்ளிக்கூடம் கிடையாது, விளையாட்டுத் தோழர்கள் கிடையாது. காலையில் அப்பாவோடு நடக்கப் போகவேண்டும், முந்தின நாள் படித்ததை வழியெல்லாம் ஒப்பிக்கவேண்டும். அவ்வளவுதான் பால்யம். 1823-ல், பதினேழு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் வேலை. அங்கே மேலதிகாரி யார்? அதே அப்பாதான்.

மில்லுக்கு ஒரு லட்சியம் இருந்தது. உலகத்தைச் சீர்திருத்துவது. சட்டம், அரசாங்கம், சமூகம் எல்லாவற்றையும் மாற்றி, அதிகம் பேருக்கு அதிக சந்தோஷம் கிடைக்கச் செய்வது. அப்பாவின் நண்பர் பெந்தாம் வகுத்த பாதை அது.

1826-ம் வருஷம், இலையுதிர் காலம். மில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நான் நினைக்கிற மாற்றமெல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டால், எனக்கு சந்தோஷமாக இருக்குமா?

இருக்காது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

முடிந்தது கதை. எதற்காக வாழ்கிறோமோ அதுவே சந்தோஷம் தராது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தார். ஆகவில்லை. ஆபீஸுக்குப் போனார், சங்கத்தில் சொற்பொழிவு ஆற்றினார், எல்லாம் மெஷின் மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்? ம்ஹூம். பார்த்துப் பார்த்துக் கொடுத்த படிப்பு தோற்றுவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வழக்கமாகத் தெம்பு கொடுக்கும் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். பிரயோஜனமில்லை. சரி, உணர்ச்சியைக் கொட்டி எழுதுகிறவர் என்று பெயரெடுத்த பைரனைப் படிப்போம் என்று முழுசாகப் படித்தார். அந்த நாயகர்களுக்கும் இதே கசப்பு, இதே அலுப்பு. மூழ்குகிறவனிடம் கல்லைக் கொடுத்த மாதிரி ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மனசு சரியில்லாத ராத்திரியில் நாம் என்ன செய்கிறோம்? போனை எடுத்து ஒரு சோகப் பாட்டு. அது முடிந்ததும் போனே இன்னொன்றைத் தேடிக் கொடுக்கிறது, அதைவிட சோகமாக. நம் பைரனுக்குக் காசுகூட வேண்டாம்.

மில்லை முதலில் அசைத்தது சிரிப்புப் புத்தகம் அல்ல என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆறு மாதம் கழித்து, தற்செயலாகக் கையில் கிடைத்தது மார்மோன்தெல் என்கிற பிரெஞ்சு எழுத்தாளரின் சுயசரிதை. அப்பா இறந்துபோகிறார். குடும்பம் நிலைகுலைந்து நிற்கிறது. இனி இவர்களுக்கு எல்லாமே நான்தான் என்று சின்னப் பையனான மார்மோன்தெல் தீர்மானிக்கிறார். படித்துக்கொண்டிருந்த மில்லின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழ முடிகிறதே! அப்படியானால் நான் கல்லாகிவிடவில்லை! பாரம் குறைய ஆரம்பித்தது அங்கேதான். இதுவும் சாவு வீட்டுக் காட்சிதான். ஆனால் பைரனின் ஆட்கள் துக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், இந்தப் பையன் எழுந்து நிற்கிறான். வித்தியாசம் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இசையும் கைகொடுத்தது. வெபரின் 'ஓபரான்' 1826-ல்தான் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியிருந்தது. அதன் மெட்டுகள், மில் தேறிவர ஆரம்பித்த பிறகு, அவருக்கு ஒத்தடம் கொடுத்தன. அதிலும் ஒரு வில்லங்கம் பாருங்கள். இருக்கிற ஸ்வரங்கள் இவ்வளவுதானே, எல்லா மெட்டையும் போட்டு முடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று உட்கார்ந்து நிஜமாகவே கவலைப்பட்டிருக்கிறார்! அப்பாவிடம் படித்த தர்க்கம் அவ்வளவு லேசில் விடுமா?

பெரிய வைத்தியம் 1828-ல் நடந்தது. ஆறுதலை எதிர்பார்க்காமல், சும்மா ஓர் ஆர்வத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் புரட்டினார். கவிதை முழுக்க மலைகள். பதினான்கு வயதில் பிரான்ஸுக்குப் போனபோது பிரனீஸ் மலையைப் பார்த்துச் சொக்கிப்போன ஆள் மில். ஆனால் வெறும் இயற்கை வர்ணனை போதாது, அதை வால்டர் ஸ்காட் இன்னும் நன்றாகச் செய்வார் என்று அவரே சொல்கிறார். வேர்ட்ஸ்வொர்த்தில் அவருக்குக் கிடைத்தது, அந்த அழகைப் பார்க்கிற மனசின் அமைதி. போராட்டமும் குறைகளும் எல்லாம் தீர்ந்துபோன பிறகும் மனிதர்களுக்கு மிச்சமிருக்கக்கூடிய சந்தோஷம். இருபது வயதில் கேட்ட கேள்விக்கு விடை!

மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் பறந்துவிடவில்லை. அந்தச் சோர்வு பிற்பாடும் பலமுறை எட்டிப் பார்த்தது, சில தடவை மாதக்கணக்கில். பழைய மூர்க்கம் மட்டும் இல்லை. (இன்று இப்படி வந்தால் புத்தகக் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். 1826-ல் அந்த வசதி கிடையாது.)

வேர்ட்ஸ்வொர்த்தைவிடப் பெரிய கவிஞர்கள் உண்டு என்பதை மில் மறுக்கவில்லை. ஆனால் தனக்கு அன்று தேவைப்பட்டது அவர்தான் என்பதில் உறுதியாக இருந்தார். 1829-ல் விவாத சங்கத்தில் இதுவே சண்டையானது. பைரனா, வேர்ட்ஸ்வொர்த்தா? எதிரணியில் மில்லின் நெருங்கிய நண்பர் ரோபக். துடிப்பான ஆசாமி. அவருக்கு பைரன்தான் மனித வாழ்க்கையைப் பாடியவர். வேர்ட்ஸ்வொர்த்? பூவையும் பட்டாம்பூச்சியையும் பாடியவர், அவ்வளவே. மில்லை மூழ்கடித்த அதே பைரன், ரோபக்குக்கு டானிக்! இரண்டு சாயங்காலம் விவாதம் நடந்தது. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.