வெட்டுவது எந்த வேரை?

"நரம்பை வெட்டினா உள்ளதும் போயிராதா அண்ணாச்சி?" தாராவி 90 அடி ரோட்டில் என் பாத்திரக் கடைக்கு வரும் தாய் ஒருவர் கேட்டது இது. பெருமூளை வாதத்தால் அவர் மகனின் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன. நான் டாக்டர் அல்லன், வியாபாரி. ஆனால் படித்துப் பார்த்ததில், இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறே விடையாக இருக்கிறது.

தண்டுவடத்தோடு சேரும் நரம்புக்கு இரண்டு வேர் உண்டு. முன்வேர் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும்; பின்வேர் தசையிலிருந்து சேதி கொண்டுவரும். 1822-இல் பிரான்சின் மஜாந்தி இதைத் தெளிவாக்கினார். வெட்டுவது பின்வேரில்தான்.

தசை சற்று இழுபட்டாலே பின்வேர் வழியாகச் சேதி வரும். 'சுருங்கு' என்று தண்டுவடம் பதில் அனுப்பும். இதை அடக்கி வைப்பது மூளை. மூளை பழுதானால், முதலாளி இல்லாத கடையில் ஒரு குரலுக்குப் பத்துப் பையன்கள் ஓடிவருகிற கதைதான்.

1898-இல் இங்கிலாந்தின் ஷெரிங்டன், மூளையைத் துண்டித்ததால் விறைத்த பூனையின் கால், பின்வேரை அறுத்ததும் தளர்வதைக் கண்டார். (சமணனாகப் பிறந்த எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது.) 1908-இல் பிரெஸ்லாவின் ஃபோர்ஸ்டர் இதை மனிதருக்குச் செய்தார், பின்னாளில் லெனினுக்கு வைத்தியம் பார்த்தவரும் இவரே. வேர்களை முழுதாக அறுத்ததால் உணர்ச்சியும் குன்றியது; முறை பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது.

1970-களில் இத்தாலியின் ஃபசானோ வேரை இழை இழையாகப் பிரித்து, மின்சாரம் செலுத்தி, வரம்பு மீறித் துடிக்கவைக்கும் இழைகளை மட்டும் அறுத்தார். 1980-களில் கேப் டவுனின் பீக்காக், வேர்கள் குதிரைவால்போல் தொங்கும் இடுப்புப் பகுதிக்கு இறங்கினார். அங்கே எது எந்த வேர் என்று தெரியும். சிறுநீரை அடக்கும் வேர்களை விட்டுவிடலாம். நம் நாட்டில் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் புரோஹித் குழுவினர், விறைத்த முழங்கைக்காகக் கை நரம்பின் இழைகளைத் தேர்ந்து அறுத்த அனுபவத்தை 1998-இல் வெளியிட்டார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஆகாது. தானாக முறுக்கித் திருகும் வகைக்குப் பலன் குறைவு. அறுத்ததை ஒட்டவும் முடியாது. இறுக்கம் போனதும், அதுவரை அது மறைத்து வைத்திருந்த பலவீனம் வெளியே தெரியும். பிள்ளை முன்னைவிடத் தளர்ந்ததுபோல் இருக்கும். அப்போது பயந்து பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு மும்பையில் பழைய வேர் உண்டு. மகள் மாலினிக்காகத் தேடி அலைந்த மிது ஆலூர் 1972-இல் இங்கே ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். பின்னர் அது தாராவிக்கும் வந்தது. இன்றைய பெயர் அடாப்ட். அறுவைக்குத் தேதி வாங்குமுன், அதற்குப் பின் மாதக்கணக்கில் பிள்ளையைத் தினமும் பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.